ஏழுமலை அண்ணன் படுக்க வேண்டிய இடம்

செத்தவனாகப் படுத்திருப்பவன் கண்ணைத் திறக்கக் கூடாது. இருமக் கூடாது. ஈ உட்கார்ந்தால் விரட்டக் கூடாது. முகத்தை மூடியிருக்கிற வெள்ளைத் துணி ஏறி இறங்கினால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அதற்கப்புறம் களம் களமாக இருக்காது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன், பக்கத்தில் செத்துக் கிடந்த பிரகாஷ்.

"மூச்ச வயித்துல வாங்குடா குமரேசா. நெஞ்சுல வாங்குனா துணி ஆடும். போன வருசம் நான் தும்மிட்டேன். எங்க மாமியா இன்னிக்கும் அதச் சொல்லிக் காட்டிக்கினு இருக்குது."

சொல்லிவிட்டு அவனும் செத்துப்போனான்.

சித்திரை மாதக் காலை. வெயில் இன்னும் சுடத் தொடங்கவில்லை. முதுகுக்குக் கீழே சாணம் மெழுகிய தரை. எங்கோ வேப்பிலை வாடுகிற மணம். கால்மாட்டில், ஏரிக் களிமண்ணால் செய்து மல்லாக்கப் படுக்கவைத்திருந்த ராஜாவின் உடம்பிலிருந்து குளிர்ச்சி வந்துகொண்டிருந்தது. பெரிய மிருகம் ஒன்று தண்ணீரிலிருந்து ஏறிவந்து பக்கத்தில் படுத்திருப்பதைப் போல.

என் தலைமாட்டில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒரு குரல் எனக்குத் தெரியும். டீக்கடை சவரிமுத்து. மற்றது தெரியாத குரல்.

"யாருப்பா இது, கடைசில?" என்றது தெரியாத குரல்.

"அது ஏழுமலை எடம். அவன்தான் ரஷ்யாவுல இருக்கானே. இது அவன் சித்தப்பா மவன். வாத்தியாரு."

"வாத்தியாரா? அப்ப நல்லாத்தான் படுத்திருப்பாரு. பழக்கம் இருக்கும்."

துணிக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றில் மூச்சை வாங்கி அடக்கினேன்.

"அந்தச் சண்ட இன்னும் முடியலியா?"

"எங்க முடியுது. பெரிய ஊட்டுக்காரன் சின்ன ஊட்டுக்காரன் கொல்லையில எறங்கிட்டான். எறங்குனவனுக்கு ஏறத் தெரியல."

"அவன் சும்மா எறங்கலப்பா. இவன் வெளியாளக் கூட்டாந்து கொல்லையில கொட்டாய் போட்டுக் குடுத்தா, பக்கத்தூட்டுக்காரன் பாத்துக்கினு இருப்பானா?"

"அவன் ஊடு, அவன் கொல்ல. எவனக் கூட்டாந்தா உனக்கு இன்னா? அதுக்குன்னு பூந்து அடிப்பியா?"

"நமக்குக் கஷ்டம்னப்ப அவன்தான்யா வந்து நின்னான்."

"நமக்கு நல்லவன்னா அவங்களுக்கும் நல்லவனாத்தான் இருப்பானா? எங்க மாமனாரு ஊருக்கே நல்லவரு. எனக்கு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிணத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டு ஊர்க்கதை பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிணத்துக்கு அது எப்படிக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு சொல்லும் கிணற்றுக்குள் விழுவதுபோல் விழுந்தது.

அவர்கள் இன்னொன்றும் பேசினார்கள். அதற்கு முன்னால், நான் அங்கே எப்படி வந்து படுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஐந்து இடங்கள்

மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். இப்போது திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன்.

எங்கள் அம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரிகளில் கூத்து நடக்கும். கடைசி நாள் காலையில் படுகளம். பங்காளிக்கு ஓரடி மண்கூட விடமாட்டேன் என்று சொல்லிப் படை திரட்டின ராஜா, அன்றைக்கு மண்ணாகவே கிடப்பார். வீட்டுக்கு ஒரு கூடை களிமண் சுமந்து கொட்டி, இரண்டு ஆள் நீளத்துக்குக் கை, அதற்கு மேல் கால் என்று வைத்து, வர்ணம் பூசுவார்கள். காப்புக் கட்டின நாளிலிருந்து அவர் பெயரை யாரும் சொல்லக் கூடாது. "படுத்தவர்" என்பார்கள். "படுத்தவருக்குக் கண்ணு வெச்சாச்சா?" என்று கேட்டால், உள்ளூர்க்காரன் என்று அர்த்தம்.

அவர் காலடியில் ஐந்து பேர் செத்தவர்களாகப் படுப்பார்கள். அந்தப் போரில் மாண்ட இளைஞர்கள் என்று கணக்கு. ஐந்து குடும்பங்களுக்கு ஐந்து இடம். பரம்பரையாக வருவது. கூத்தில் ராஜாவின் தொடை உடைந்ததும், ராஜாவைப் பெற்ற தாயாக வேஷம் கட்டியவர் வந்து புலம்புவார். அது முடிந்ததும் பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சாட்டையைச் சொடுக்குவார். அப்போது அவரவர் வீட்டுப் பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் எழ வேண்டும். கூப்பிடாமல் எழுந்தவன் முழுசாக எழுந்தவனில்லை என்று ஊரில் ஒரு பயம் உண்டு.

பெரியப்பா காலமானதிலிருந்து எங்கள் குடும்பத்து இடத்தில் படுத்துவந்தது அவர் மகன் ஏழுமலை அண்ணன்.

கேப்பை பொரிகிற சத்தம்

அண்ணன் டிராக்டர் ஓட்டுவான். ஜேசிபியும் ஓட்டுவான். எந்த வண்டியில் ஏறினாலும் அந்த வண்டிக்கு ஏற்றமாதிரி முகம் மாறிவிடும். ரஷ்யாவில் குடோன் வேலை, ஹெல்பர், சாப்பாடு அவர்களே போடுவார்கள் என்று ஒரு ஏஜென்ட் சொன்னான். மயிலம் பக்கத்துப் பையன்கள் சிலரும் போனார்கள்.

"சண்ட நடக்குற நாடாச்சேண்ணா," என்றேன்.

"சண்ட அந்தப் பக்கம்டா. நான் போறது இந்தப் பக்கம். நம்மூருல சண்டைன்னா நீ பாண்டிக்குப் போவ மாட்டியா?"

போய்ச் சேர்ந்ததும் வீடியோ கால் வந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. "தும்பப்பூவ வாரி எறைச்சாப்பல இருக்குதும்மா," என்று கேமராவைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அவனைப் பெற்ற அஞ்சலைப் பெரியம்மா போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், பனி கையில் ஒட்டுகிறதா என்பதுபோல.

அடுத்த வீடியோ காலில் பச்சைச் சட்டை போட்டிருந்தான். குடோனில் எல்லாருக்கும் இதுதான் டிரஸ் என்றான். அதற்கடுத்ததில் தலையில் இரும்புத் தொப்பி இருந்தது. அதைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள், பள்ளம் வெட்டச் சொல்கிறார்கள், வெட்டுகிற பள்ளத்திலேயே தூங்கச் சொல்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தனியாகச் சொன்னான்.

கடைசியாக வந்த வீடியோ காலில் முகம் தெரியவில்லை. கறுப்பாக இருந்தது. பின்னால் ஏதோ பொரிகிற சத்தம்.

"இன்னாடா சத்தம், கேப்ப பொரியறாப்பல?" என்றாள் பெரியம்மா.

"பட்டாசும்மா. இங்க ஏதோ பண்டிக."

"இம்மாம் நேரமா?"

"பெரிய ஊரும்மா."

அப்புறம் அவன் பேசவில்லை. லைனும் துண்டாகவில்லை. அந்தப் பொரிகிற சத்தமும், அதற்கு நடுவில் ஒரு நாய் குரைக்கிறதும் கேட்டுக்கொண்டே இருந்தது. "நாய்க்குச் சோறு வெச்சியாடா?" என்று பெரியம்மா கேட்டாள். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து நாயும் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் போன் வரவில்லை.

எந்தப் பக்கம்?

சவரிமுத்துவின் டீக்கடை, நான் பஸ் ஏறுகிற ஸ்டாப்பில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்துதான் பாய்லரைப் பற்றவைப்பார். மற்ற நாளெல்லாம் விடியற்காலையிலேயே கூட்டம். அந்தப் போர் தொடங்கின வருஷத்தில் அங்கே பெஞ்சே இரண்டு நாடாகப் பிரிந்து கிடந்தது. நான் போனால் போதும், "வாத்தியார் வந்துட்டாரு, அவரயே கேளு" என்பார்கள்.

நானும் போன் மேப்பைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, எது எந்த நாடு, எல்லை எங்கே, துறைமுகம் எங்கே என்று பாடம் நடத்துவேன். யாராயிருந்தாலும் அடுத்த வீட்டுக்குள் படையோடு புகுவது தப்பு என்று முடிப்பேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வார்கள்.

"பெரியவன்கிட்ட அனுசரிச்சிப் போயிருந்தா இந்தப் பேஜாரு உண்டா?"

"அனுசரிச்சிப் போனவன் நெலம்லாம் இப்ப யாரு பேருல இருக்குது, சொல்லு பாக்கலாம்."

"தீவுல நம்ம சனம் செத்தப்ப எந்த நாடு வந்து கேட்டுச்சி? இப்ப மட்டும் ஒலகமே கத்துது."

"அப்ப யாரும் கேக்கலன்னுதான் நமக்கு வயிறு எரிஞ்சிது. இப்ப நாமளும் கேக்காம இருந்தா?"

இப்படிப் பேசிக்கொண்டிருப்பார்கள். எல்லாருக்கும் ஒரு பக்கம் இருந்தது. எனக்கும் இருந்தது. அண்ணனின் தலையில் இரும்புத் தொப்பியைப் பார்த்த பிறகு நான் அந்தக் கடையில் மேப்பைத் திறக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை, அண்ணனை மீட்டுத்தரச் சொல்லிக் கலெக்டரிடம் மனு கொடுக்கப் பெரியம்மாவை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். பெரியம்மா வாய் ஓயாமல் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணும் உச்சுக் கொட்டிக்கொண்டே வந்தாள்.

"பாவம்மா நீ. உம் புள்ள எந்தப் பக்கம் நின்னு சண்ட போடுது?"

பெரியம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"அடிக்கிற பக்கமாம்மா," என்றாள்.

அந்தப் பெண் உச்சுக் கொட்டுவதை நிறுத்தினாள். குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான். விக்கிரவாண்டி தாண்டியும் பெரியம்மா அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது ஒரு தடவைகூட இவள் பக்கம் திரும்பவில்லை.

மீசை

அந்த வருஷம் பங்குனியில் கோயில் கூட்டம் நடந்தபோது பிரகாஷ் ஒரு யோசனை சொன்னான்.

"எல்லா ஊர்லயும் படுத்தவருக்கு ஒரே மூஞ்சிதான். நாம இந்தத் தடவ அந்த ரஷ்யா தலைவரு மூஞ்சி வெப்போம். கோட்டு, டை, மீச கெடையாது. ரீல்ஸ் போட்டா எங்கியோ போயிடும்."

உருவம் செய்கிற கோவிந்தன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "மீச இல்லாத ராஜாவுக்கு நான் மண்ணு பெசய மாட்டேன். வேற ஆளப் பாத்துக்க."

"டிவியில பாக்குறியே, பக்கத்து நாட்டுல பூந்து அடிக்கல? நம்ம படுத்தவரு பண்ணதத்தான அவரும் பண்றாரு?" என்றான் பிரகாஷ்.

"அவரு கெட்டவருன்னு உனக்கு யாரு சொன்னது? அந்தச் சின்னவன் மூஞ்சிய வை. அவந்தான் பிடிவாதம் புடிக்கிறான்," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"சொந்த மண்ண வுட மாட்டேன்னா பிடிவாதமா?"

டீக்கடை பெஞ்சு அப்படியே கோயிலுக்குள் வந்துவிட்டது. கூச்சல் ஏறிக்கொண்டிருக்கையில், பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து பெரியம்மா எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

"அந்த ராஜா போடுற சோத்தத்தான் எம் புள்ள துன்னுக்கினு இருக்கான். துன்னுறானோ இல்லியோ, அதுவும் தெரியல. நீங்க அவரு மூஞ்சிய வெச்சி, எல்லாரும் சேந்து தொடைய ஒடைப்பீங்க. சந்தோசமா ஒடைங்க. ஆனா ராஜா என்னிக்குடா முன்னால வந்து நின்னிருக்கான்? அவனுக்கு முன்னாடி எம் புள்ளதான நிக்கிறான்?"

 பிரகாஷ் தலை குனிந்துகொண்டான். பழைய மீசையே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

களம் நெருங்கின வாரத்தில் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"எம் புள்ள எடத்துல இந்த வருசம் நீ படுக்கிறியா குமரேசா?"

"படுக்கிறேன் பெரிம்மா."

"நான் சொல்ற வரிக்கும் எழுந்துக்காத."

அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிடப்போகிறாள், அவனுக்காக நான் எழ வேண்டும், அப்படி எழுந்தால் அவன் அங்கே நல்லபடியாக எழுந்து நடமாடுவான், அதுதான் அவள் வேண்டுதல் என்று நினைத்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது.

களத்தன்று காலையில் நாங்கள் படுக்கப் போனபோது, படுத்தவரின் மீசையைக் காணோம். கோவிந்தன் அவசரத்தில் மண்ணில் உமி குறைவாகச் சேர்த்திருந்தார். வெடிப்பு ஓடி, மீசை இரண்டு துண்டாகத் தெறித்துக் காதோரம் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. கோவிந்தன்கூடத் தொடவில்லை. மீசை இல்லாத அந்தப் பெரிய முகம், மைவைத்த கண்களால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது எவருடைய முகமாகவும் இருக்கலாம் என்றிருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலடா," என்று பிரகாஷ் என் காதில் சொன்னான். 

துணிக்கு மேலே

இப்போது அந்த இரண்டு குரல்களுக்குத் திரும்புகிறேன்.

மாமனார் கதைக்குச் சிரித்து முடித்ததும், தெரியாத குரல் தணிந்தது.

"அந்த ஏழுமலை செத்துட்டானாமே."

"யோவ், இன்னா சொல்ற?"

"எங்க மயிலத்துப் பையன் ஒருத்தன் கூடவே இருந்தவன். கையில அடிபட்டு ஆஸ்பத்திரியில கெடந்து, அங்கிருந்து ஊட்டுக்குப் போன் பண்ணான். மேலருந்து ட்ரோன் வந்து போட்டுச்சாம். எடுத்தாரக்கூட ஆளு போவலியாம். அங்கியே வுட்டுட்டு வந்துட்டாங்களாம்."

"மெதுவா பேசுய்யா. பெத்தவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா இங்க வந்து நிப்பாளா?"

சவரிமுத்து இருமினார்.  பிறகு காலடிகள் விலகிப்போயின.

 துணிக்குள் என் மூச்சின் சூடு முகத்திலேயே அடித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பெரியம்மா வருவாள். ஏழுமலை என்று கூப்பிடுவாள். நான் "வந்துட்டேம்மா" என்று எழுந்து நிற்க வேண்டும். எழுந்தால் அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை எப்படிப் பார்ப்பது? எழாமல் கிடந்தால், அந்த நிமிஷமே எல்லாம் அவளுக்கு விளங்கிவிடும். நான் படித்த படிப்பில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

களத்தில் மத்தளம் ஏறியது. வேஷக்காரர்கள் ராஜாவைச் சுற்றி ஓடுகிற அதிர்வு முதுகில் தெரிந்தது. தொடை உடைந்தபோது கூட்டம் ஆவென்று கத்தியது. தொடைக்குள் புதைத்துவைத்த குங்குமத் தண்ணீர் பீறிட்டு, இரண்டு சொட்டு என் பாதத்தில் தெறித்தது. வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் கிடந்த தண்ணீர்தான். தெரிந்தும் காலை இழுத்துக்கொள்ளத் தோன்றியது.

பிறகு கண்ணைக் கட்டிக்கொண்ட தாய் வேஷம் வந்து புலம்பிவிட்டுப் போனது. சாட்டை சொடுக்கியது. மஞ்சள் தண்ணீர் மணம். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் பிரகாஷ் எழுந்தான். அவன் எழுந்த இடத்தில் காற்று வந்து என் விலாவில் பட்டது.

நான் மட்டும் கிடந்தேன்.

வெறுங்கால் தரையில் உரசுகிற சத்தம் வந்தது. பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். துணியை எடுக்கவில்லை. பெயர் சொல்லவில்லை. துணிக்கு மேலாக என் நெற்றியில் கையை வைத்தாள். மெதுவாகக் கண், மூக்கு, மார்பு, முழங்கால், பாதம் என்று தடவிக்கொண்டே போனாள். பிணத்தைக் குளிப்பாட்டுகிற கை அது. பாதத்திலிருந்த குங்குமத் தண்ணீரை முந்தானையால் துடைத்தாள்.

அப்புறம் மிகச் சின்னக் குரலில் தொடங்கினாள்.

"மல்லாட்டக் கொல்லையில மண்ணு பட்ட காலுடா...
பனி கொட்டும் பூமியில பாயில்லாமப் போனியேடா...
எடுத்தார ஆளில்ல, எரி மூட்ட நாதியில்ல...
இங்க வந்து படுத்தியாடா, எங் கண்ணு முன்ன படுத்தியாடா..."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மத்தளம் நின்றுவிட்டது.  அவள் குரல் மட்டும் ஏறியது. வந்து கூப்பிடப்போகிறாள் என்று நான் பயந்து கிடந்தேனே, அவள் கூப்பிட வரவில்லை. அழுவதற்கு ஒரு உடம்பு வேண்டி வந்திருக்கிறாள்.

என்னைப் பெற்றவள் ஓடிவந்த சத்தம் கேட்டது.

"அக்கா, எம் புள்ளக்கா அது! உயிரோட இருக்கிற புள்ளக்கா! எழுப்பு அக்கா!"

"தெரியும்டி," என்றாள் பெரியம்மா. "கொஞ்ச நேரம் குடுடி."

அம்மாவின் காலடி நின்றுவிட்டது. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள் என்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

நான் மூச்சை வயிற்றில் வாங்கினேன். துணி ஆடக் கூடாது. அதைத் தவிர அந்த நேரத்தில் நான் பெரியம்மாவுக்குச் செய்யக்கூடியது வேறொன்றும் இல்லை. அவள் கண்ணீர் துணியில் விழுந்து, துணி என் கன்னத்தில் ஒட்டியது. கொஞ்சம் கொஞ்சமாக எனக்குக் கால் மரத்தது, கை மரத்தது. ஒரு கட்டத்தில் எங்கோ தொலைவில் கேப்பை பொரிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. ஒரு நாயும் குரைத்தது. ஊர் நாயாகத்தான் இருக்கும். பொரிகிற சத்தம் எதுவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அழுது முடித்ததும் பெரியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள்.

"கூப்டுக்கடி உம் புள்ளைய."

அம்மா கூப்பிட்டாள். "குமரேசா... குமரேசா... டேய் குமரேசா!" ஒரு தடவை கூப்பிட்டால் போதும். அவள் நிறுத்தவில்லை. பூசாரி செம்பைக் கவிழ்த்து, அடியில் இருந்த தண்ணீரை என்மேல் உதறினார். எனக்கு எழுந்துகொள்ள யாராவது கைகொடுக்க வேண்டியிருந்தது. பிரகாஷ் கொடுத்தான்.

தீட்டு

அப்புறம் கோயில் பெரியதனக்காரர் கோபப்பட்டது உண்மை. காப்புக் கட்டின ஊரில் சாவு விழுந்தால் பங்காளி வீடுகளுக்குத் தீட்டு. எங்கள் குடும்பத்துக்கு அந்த வருஷம் களத்தில் இடமே கிடையாது. காப்புக் கட்டின மறுநாளே மயிலத்துப் பையன் பெரியம்மாவுக்கும் போன் செய்திருக்கிறான். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாழவந்த வீட்டிலேயே தனியாக, அழாமல், சோறாக்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"சாவ மறைச்சிட்டு அம்மன் களத்துல ஆளப் படுக்க வெக்கிறியே, நல்லா இருக்குதா இது?" என்றார் பெரியதனக்காரர்.

"சொல்லியிருந்தா எடம் குடுத்திருப்பீங்களா?" என்றாள்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திருவிழா முடிந்ததும் படுத்தவரின் மண்ணை ஆளுக்குக் கொஞ்சம் பிட்டுக்கொண்டு போய் நிலத்தில் போடுவார்கள். விளைச்சலுக்கு நல்லது என்பார்கள். பெரியம்மா அதில் கை வைக்கவில்லை. நான் படுத்திருந்த இடத்தில் குந்தி, மெழுகின தரையைப் பெயர்த்து, ஈரமான மண்ணை முந்தானையில் கட்டிக்கொண்டாள். அதை, வேர்க்கடலை போடுகிற தன் மல்லாட்டைக் கொல்லையின் மூலையில் புதைத்து, மேலே ஒரு அகல் வைத்தாள். அங்கிருந்து உடம்பும் வரவில்லை, காகிதமும் வரவில்லை. மனு இன்னும் விழுப்புரத்தில்தான் இருக்கிறது.

அடுத்த வருஷம் எங்கள் இடத்தில் படுக்க நான் போனேன். பெரியம்மா வேண்டாம் என்றாள். துணியை மட்டும் விரிக்கச் சொன்னாள். நான்கு பேர் படுத்தார்கள். ஐந்தாவது இடத்தில் வெறும் தரையில் வெள்ளைத் துணி. கூப்பிடுகிற நேரம் வந்தபோது பூசாரி அதன் முன்னால் நின்று பெரியம்மாவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவர் தண்ணீர் தெளிக்காமல் தாண்டிப் போனார்.

எங்களுக்குப் பின்னால் இரண்டு பேர், யார் ஜெயிப்பார்கள், எப்போது முடியும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். காற்றெடுத்தது. துணி மெல்ல ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார்.

பிரகாஷ் உடம்பெல்லாம் மஞ்சள் தண்ணீரோடு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மூச்ச வயித்துல வாங்கச் சொல்லுடா," என்றான்.

நான் போய் ஏரிக்கரையிலிருந்து நான்கு கல் பொறுக்கி வந்தேன். துணியின் மூலைக்கு ஒன்றாக வைத்தேன். அப்புறம் அது ஆடவில்லை.